மூவிங் ஹெட் லைட் ஆடுபவர்களின் கண்ணில் அடிக்காமல் புரோகிராம் செய்வது எப்படி?

சாட்ஸ்வர்த்_தொண்டர்:

வணக்கம். டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் எங்கள் கோயில் மண்டபத்தில் நவம்பர் 16 நிகழ்ச்சிக்கு லைட் பார்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். 1860இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து இங்கே வந்து சேர்ந்த நாளுக்காக நடத்துவது. முதலில் பரதநாட்டியம், அப்புறம் தெருக்கூத்திலிருந்து ஒரு காட்சி, கடைசியில் மெல்லிசைக் குழு. இதுவரைக்கும் ஸ்டாண்டில் நாலு பார் லைட்டை (அசையாத சாதாரண மேடை விளக்கு) மாட்டி எரியவிட்டுவிடுவோம், அதோடு சரி. இந்த வருஷம் ஒருவர் நன்கொடை கொடுத்ததால் மூவிங் ஹெட் (தானே திரும்பும் தலையுள்ள லைட்) வாடகைக்கு வந்திருக்கிறது.

கையில் இருப்பது: அகலமாகப் பரவும் எல்.இ.டி. வாஷ் மூவிங் ஹெட் 4, ஒடுங்கிய கற்றையாக அடிக்கும் பீம் மூவிங் ஹெட் 4 (230 வாட், 7ஆர் விளக்கு), எல்.இ.டி. பார் 8. லேப்டாப்பில் லைட்டை இயக்கும் க்யூ.எல்.சி. பிளஸ் மென்பொருள், லைட்டுக்குக் கட்டளை அனுப்பும் யு.எஸ்.பி. டி.எம்.எக்ஸ். பெட்டி ஒன்று. மேடை 8 மீட்டர் அகலம், 5 மீட்டர் ஆழம். முன் டிரஸ் (லைட் மாட்டும் உலோகச் சட்டம்) மேடைத் தரையிலிருந்து 3.6 மீட்டர் உயரத்தில், மேடை விளிம்புக்கு 2 மீட்டர் முன்னால் நிற்கிறது. மூவிங் ஹெட் எட்டும் அதில்தான் தொங்குகின்றன. மேடைக்குப் பின்னால் ஒரு பைப் இருக்கிறது, அதில் இப்போதைக்குப் பார் லைட் மட்டும்தான்.

பிரச்சினை என்னவென்றால், ஒத்திகையில் பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டே ஆடுகிறார்கள். லைட் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போகும்போது வழியில் இருக்கிற எல்லோர் முகத்திலும் அடித்துக்கொண்டே போகிறது. சுற்றி வந்து நிற்க வேண்டிய ஒரு பெண் மேடை விளிம்புக்கு ரொம்பக் கிட்டே வந்து நின்றுவிட்டாள், விளிம்பே தெரியவில்லை என்றாள். கீழே சிமெண்ட் தரை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு நிம்மதியே இல்லை. வெளிச்சத்தைக் குறைத்தால் பின் வரிசைக்கு முகம் தெரியவில்லை என்று கமிட்டியில் சொல்கிறார்கள். குறைப்பதைத் தவிர வேறு வழி இருக்கிறதா? புரோகிராமில் என்ன செய்ய வேண்டும்?

லெனேசியா_சவுண்ட்:

நான் சவுண்ட் ஆள், லைட் அதிகம் தெரியாது. எங்கள் பக்கம் டிம்மரை (வெளிச்ச அளவை) 50 சதவீதத்தில் வைத்துவிட்டு, நடனத்துக்கு மூவிங் ஹெட்டை அசையவே விடுவதில்லை. மெல்லிசைக்கு மட்டும் ஓட்டுவார்கள். நேரம் இல்லையென்றால் இது போதும் என்று நினைக்கிறேன். விளிம்பில் வெள்ளை டேப் ஒட்டுங்கள், இன்றைக்கே.

டொங்காட்_டிரஸ்:

தம்பி, டேப் ஒட்டச் சொன்னது ரொம்பச் சரி, அதை முதலில் செய். வெள்ளை டேப்பை விட இருட்டில் ஒளிரும் டேப் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் லைட் அணைந்த உடனே வரும் அந்த நாலைந்து நொடிகளில்தான் யாரும் தவறி விழுவார்கள்.

ஆனால் 50 சதவீதம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கண் கூசுவதற்குக் காரணம் வெளிச்சத்தின் அளவு மட்டும் இல்லை. ஒரே அளவில் நிலையாக மேலேயிருந்து விழும் லைட்டுக்குக் கண் சீக்கிரம் பழகிவிடும், ஆடுபவர்கள் அதை மறந்தே விடுவார்கள். இருட்டிலிருந்து திடீரென்று ஒரு பீம் முகத்தைக் கடந்து போனால், பாதி வெளிச்சமாக இருந்தாலும் கண் தடுமாறும். கண்மணி சுருங்க ஒரு நொடிகூட ஆகாது, ஆனால் போன இருட்டுப் பார்வை திரும்பி வர நிமிஷக் கணக்கில் ஆகும். முழுசாகத் திரும்ப 20, 30 நிமிஷம்கூட எடுக்கும். அந்தப் பெண்ணுக்கு விளிம்பு தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம், அவள் நின்ற நேரத்தில் அடித்த லைட் இல்லை, அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் முகத்தைக் கடந்த லைட்.

அதனால் நான் எந்த மேடையானாலும் இப்படித்தான் பிரித்து வைப்பேன்: முகத்துக்கு விழும் லைட் அசையக் கூடாது, அசையும் லைட் முகத்தில் விழக் கூடாது. உன் மேடையில் இப்போது இரண்டு வேலையையும் ஒரே டிரஸ்ஸிலிருந்து ஒரே லைட்டை வைத்துச் செய்யப் பார்க்கிறாய்.

முதலில் கோணம். டிரஸ் 3.6 மீட்டர், ஆடுபவரின் கண் ஏறக்குறைய 1.5 மீட்டர், வித்தியாசம் 2.1. நடு மேடையில், அதாவது விளிம்பிலிருந்து 2 மீட்டர் உள்ளே நிற்பவருக்கு டிரஸ் 4 மீட்டர் தள்ளி இருக்கிறது. கணக்குப் போட்டால் 28 டிகிரிக்குள்தான் வருகிறது. மேடை லைட்டில் ரொம்ப நாளாகச் சொல்லும் கணக்கு 45 டிகிரி, 35க்குக் கீழே போனால் நேராகப் பார்க்கிறவருக்குக் கூச ஆரம்பிக்கும். டிரஸ்ஸை விளிம்புக்கு 1 மீட்டர் முன்னால் வரைக்கும் தள்ளி வைத்தாலே 35 வந்துவிடும். இன்னும் 60 சென்டிமீட்டர் ஏற்ற முடிந்தால் 42. ஸ்டாண்ட் அந்த உயரத்துக்கும் அந்த எடைக்கும் தாங்குமா என்பதை வாடகைக்குக் கொடுத்தவர்தான் சொல்ல வேண்டும், ஏற்றுவதும் அவர்கள் ஆளே ஏற்றட்டும். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு பாதிப் பிரச்சினை புரோகிராமுக்கு வராமலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, அந்த 4 பீமையும் முன் டிரஸ்ஸிலிருந்து இறக்கிப் பின் பைப்புக்குக் கொண்டு போ, பைப் எடை தாங்கும் என்று உறுதியானால் மட்டும். முன்னால் இருந்து அடிக்கும் பீம் மேடைக்குள் எங்கே போனாலும் முகங்களைத் தாண்டித்தான் போக வேண்டும், அதற்கு வேறு பாதையே கிடையாது. பின்னால் இருந்தால் முதுகுப் பக்கம், மேல் பக்கம், சுவர் என்று விளையாட இடம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம், கீழே பிள்ளைகள் ஆடுகிறார்கள்.

இப்போது புரோகிராம்.

இடங்களை லேப்டாப் முன்னால் உட்கார்ந்து எண்ணால் வைக்காதே. மேடையில் ஒருவரை நிறுத்து, நீயும் போய் அதே இடத்தில் நின்று லைட்டின் பக்கம் பார், அவர்கள் என்ன பார்க்கிறார்களோ அதை நீ பார்க்க வேண்டும். பீமாக இருந்தால் டிம்மரை 5, 10 சதவீதத்தில் வைத்துக்கொண்டு பார், நேராக உள்ளே பார்க்காதே. நடு, வலது முன், இடது முன், நட்டுவாங்கம் (தாளம் தட்டி நடத்துபவர் இடம்), பின் திரை என்று ஒவ்வோர் இடத்தையும் தனித்தனி சீனாக (சேமித்து வைக்கும் நிலையாக), பான் (பக்கவாட்டில் திரும்புவது), டில்ட் (மேலும் கீழும் சாய்வது) சேனல்கள் மட்டும், அதாவது அந்த இரண்டு வேலைக்கும் லைட்டுக்கு அனுப்பும் எண்கள் மட்டும், சேர்த்து வைத்துக்கொள். நிறமும் வெளிச்சமும் அதில் கலக்கக் கூடாது. அப்புறம் டிரஸ் கொஞ்சம் நகர்ந்தாலும் அந்த ஐந்தாறு சீனைத் திருத்தினால் போதும், முழு நிகழ்ச்சியும் தானாகச் சரியாகிவிடும்.

லைட்டை 16 பிட் முறையில் (ஓர் அசைவுக்கு இரண்டு சேனல்) பேட்ச் செய்திருக்கிறாயா, அதாவது மென்பொருளில் அப்படிச் சேர்த்திருக்கிறாயா என்று பார். பான் 540 டிகிரி, டில்ட் 270 டிகிரி என்று வைத்துக்கொள். 8 பிட்டில் அதை 255 படியாகத்தான் பிரிக்க முடியும், அதாவது பானில் ஒரு படி 2.1 டிகிரி, டில்ட்டில் 1 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். உன் டிரஸ்ஸிலிருந்து ஆடுபவர் நாலரை மீட்டர், அந்தத் தூரத்தில் டில்ட்டின் ஒரு படி 8 சென்டிமீட்டர். மோவாயிலிருந்து கண்ணுக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான் தூரம். வெளிச்சத்தின் ஓரத்தை மோவாயளவில் நிறுத்த நினைப்பாய், அது கண்ணுக்குக் கிட்டே போய் நிற்கும், இல்லையென்றால் கழுத்துக்கு இறங்கிவிடும். நுண்ணசைவுக்கான அந்த இரண்டாவது சேனல் (ஃபைன் சேனல்) இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, மெதுவாக நகரும்போது வெட்டி வெட்டிப் போவதும் நின்றுவிடும்.

அடுத்தது நீ கேட்ட முக்கியமான விஷயம், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போது வழியில் அடிப்பது. பெரிய லைட் கன்சோல்களில் (கட்டுப்பாட்டு மேசைகளில்) இதற்கென்றே வசதி உண்டு. ஈயோஸில் மார்க் என்பார்கள், கிராண்ட் எம்.ஏ.வில் எம்.ஐ.பி., அவோலைட்ஸில் மூவ் இன் டார்க். எல்லாம் ஒரே வேலைதான்: லைட் அணைந்திருக்கும்போதே அடுத்த இடத்துக்குத் திரும்பி, நிறமும் மாற்றி, தயாராக நின்றுவிடும். க்யூ.எல்.சி. பிளஸ்ஸில் இதை நீயே சேஸரில் (படிகளை வரிசையாக ஓட்டும் வசதி) மூன்று படியாக வைத்துவிடு. முதல் படியில் டிம்மர் மட்டும் 0க்கு இறங்கட்டும், அரை நொடி. இரண்டாம் படியில் இடம் மாறட்டும், டிம்மர் 0தான், இதற்கு ஒன்றரை, இரண்டு நொடி விடு, ஏனென்றால் அரைச் சுற்று திரும்பவே ஒரு நொடிக்கு மேல் எடுக்கும் லைட்டுகள் உண்டு. மூன்றாம் படியில் டிம்மர் ஏறட்டும், டக்கென்று இல்லாமல் ஒரு நொடியில் மெல்ல. இருட்டாகிவிடுமே என்று பயப்படாதே, ஒற்றைப்படை லைட்டுகள் நகரும்போது இரட்டைப்படை லைட்டுகள் எரிந்துகொண்டிருக்கட்டும், மாற்றி மாற்றிச் செய். பார்க்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.

லைட் எரிந்துகொண்டே நகர்ந்தாக வேண்டும் என்றால் எந்த வழியாகப் போகிறது என்று பார். 540 டிகிரி பான் இருப்பதால் ஒரே புள்ளியை இரண்டு மூன்று விதமான பான், டில்ட் எண்களால் தொட முடியும். மேடையின் வலது சுவரிலிருந்து இடது சுவருக்குப் போக, பானை அரைச் சுற்று திருப்பினால் பீம் அதே உயரத்தில் மேடை முழுவதையும் துடைத்துக்கொண்டு போகும், எல்லோர் கண்ணும் அதில் மாட்டும். பானைத் தொடாமல் டில்ட்டை மட்டும் ஒரு பக்கத்திலிருந்து நேர்கீழே வழியாக மறுபக்கம் கொண்டு போனால் லைட்டுக்கு அடியில் இருக்கிற தரையைத்தான் தொட்டுப் போகும். அங்கே ஆள் நிற்காத நேரமாகப் பார்த்து வைத்தால் வேலை முடிந்தது. இதைக் கவனிக்காமல் எண் மட்டும் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடுகிறவர்கள் ரொம்பப் பேர்.

இன்னொன்று, இ.எஃப்.எக்ஸ். (மென்பொருள் தானாக ஓட்டும் அசைவு) வட்டம், எட்டு மாதிரி அசைவெல்லாம் அகலம் 127, உயரம் 127 என்று விட்டுவிட்டால் முழு வீச்சும் ஓடும், தரை, முகம், சபை எல்லாவற்றிலும் அடிக்கும். உயரத்தை 10, 15 என்று குறைத்து, ஒய் ஆஃப்செட்டை (அசைவின் நடு உயரத்தை) மாற்றி முழு அசைவையும் தலைக்கு மேலே தூக்கிவிடு. அகலம் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை, கண்ணைக் காப்பாற்றுவது உயரம்தான்.

ஷட்டர் சேனலையும் பார்த்துவிடு. பல லைட்டில் மூடியது, ஸ்ட்ரோப் (விட்டு விட்டு மின்னுவது), திறந்தது எல்லாம் ஒரே சேனலில் அடுத்தடுத்த எண்களாக இருக்கும். அந்தச் சேனல் ஃபேட் ஆனால் (எண் மெல்ல மாறினால்) நடுவில் ஸ்ட்ரோப் எண்களைக் கடந்து போகும், நீ மெல்ல அணைப்பதாக நினைப்பாய், மேடையில் பளிச் பளிச்சென்று வெட்டும். சேனல் அமைப்பில் அதற்கு ஃபேட் ஆகும் என்ற டிக்கை எடுத்துவிடு. கோபோ (வெளிச்சத்தில் உருவம் காட்டும் தகடு), கலர் சக்கரத்துக்கும் அப்படியே.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_நாட்டியம்:

தம்பி, நான் நாட்டியம் சொல்லிக்கொடுக்கிறவள். டொங்காட் அண்ணன் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும், லைட்டைச் செங்குத்தாக ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். 45க்கு மேலே போகப் போகப் புருவத்தின் நிழல் கண் குழியில் விழுந்துவிடும். வேறு நடனத்துக்கு அது பரவாயில்லாமல் இருக்கலாம், எங்களுக்கு ஆகாது. அபிநயத்தில் பாதி கண்ணில்தான் இருக்கிறது. பிள்ளைகள் மாதக்கணக்காகப் பழகிய பார்வை பின் வரிசைக்குப் போகாமல் இருண்ட குழியாகத் தெரிந்தால் எனக்கு மனசு தாங்காது.

எட்டு திருஷ்டி பேதங்களில் (பார்வை வகைகளில்) சமம் நேராகப் பார்ப்பது, உல்லோகிதம் மேலே பார்ப்பது, பிரலோகிதம் இரு பக்கமும் மாறி மாறிப் பார்ப்பது, அனுவிருத்தம் மேலும் கீழும் வேகமாகப் பார்ப்பது. இப்போது யோசித்துப் பாருங்கள், முருகனை அண்ணாந்து பார்த்துக் கும்பிடுகிற இடத்தில் குழந்தையின் கண் நேராக உங்கள் முன் டிரஸ்ஸில்தான் போய் நிற்கும். அந்த நேரத்தில் கண்ணைச் சுருக்கினால் பாவமே (முகத்தில் காட்டும் உணர்ச்சியே) போய்விடும். லைட் போடுகிறவருக்கு அது ஒரு நொடி, ஆடுகிறவளுக்கு அந்த உருப்படியே (நடனப் பகுதியே) அதுதான்.

அதனால் நான் கேட்பது என்னவென்றால், முன்னால் நடுவிலிருந்து ஒரே பலமான லைட் வேண்டாம். டிரஸ்ஸின் இரண்டு ஓரங்களிலிருந்தும் குறுக்காக வரட்டும், வாஷில் ஜூமை அகலமாகத் திறந்து, ஃபிராஸ்ட் (வெளிச்சத்தை மென்மையாக்கும் தகடு) இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். அப்போது நேராகப் பார்க்கிறவளுக்கு எதிரே இருட்டுத்தான் இருக்கும், லைட் இரண்டும் பார்வைக்கு ஓரத்தில் இருக்கும், கண்ணில் வெளிச்சமும் விழும், கூசவும் கூசாது. எந்த உருப்படியில் எந்த இடத்தில் அண்ணாந்து பார்ப்பார்கள் என்பதை டீச்சரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஜதியை எண்ணத் தெரியவில்லை என்றால் பாட்டு வரியின் மேல் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கு முன்னாலேயே அந்தப் பக்கத்து லைட்டை மூன்று நொடியில் கொஞ்சம் இறக்கி, பின்னால் இருக்கிற பார் லைட்டைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் சபைக்கு எந்தக் குறையும் தெரியாது.

சுற்றும்போது பிள்ளைகள் கண்ணை ஒரு புள்ளியில் வைத்துத்தான் திரும்புவார்கள். மண்டபத்தின் பின் சுவரில் நடுவில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு, எங்கும் தெளிக்காதது, வைத்துக்கொடுங்கள். முன் லைட் எரியும்போது சபை முழுக்கக் கருப்பாகத்தான் தெரியும், நடு எங்கே என்பதே தெரியாது. அந்தச் சின்ன விளக்கு இருந்தால் அவள் தன் இடத்துக்கு வந்து நிற்பாள்.

ஒத்திகையைப் பாவாடை தாவணியில் வைத்துவிட்டு நிகழ்ச்சிக்கு மட்டும் முழு அலங்காரம் போடுகிற பழக்கம் இருக்கிறது. ஒரு தடவையாவது நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், ஜரிகை எல்லாம் போட்டு லைட்டில் நிற்கச் சொல்லுங்கள். நகையிலிருந்து தெறிப்பது பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் கண்ணில் படும்.

மிருதங்கம்_ஃபீனிக்ஸ்:

எல்லோரும் நிற்கிறவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், உட்கார்ந்திருக்கிற எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் என் கண் மேடையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில் இருக்கும். நடனத்துக்குப் பக்கவாட்டில் ஸ்டாண்ட் வைத்துக் கீழேயிருந்து அடிப்பார்கள், ஆடுபவர்களின் காலும் உடம்பும் அழகாகத் தெரியும் என்று. ஆடுபவருக்கு அது முழங்கால் உயரம். எங்களுக்கு அது சரியாகக் கண்.

நட்டுவாங்கம் செய்கிறவரின் கையையும் ஆடுபவரின் காலையும் பார்த்துத்தான் நான் வாசிக்கிறேன். தீர்மானம் (ஜதிக்கோர்வையின் முடிப்பு) முடிகிற இடத்தில் கால் எப்போது தட்டுகிறது என்று தெரியவில்லை என்றால் காதை மட்டும் நம்பி வாசிக்க வேண்டியிருக்கும், அது ஆடுபவருக்குத்தான் கஷ்டம். எனவே நாங்கள் உட்காரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் கீழ் உயரத்தில் ஸ்டாண்ட் லைட் வேண்டாம், வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு கருப்புத் தகடோ பார்ன்டோரோ (லைட் முகப்பில் மாட்டும் மடக்குத் தகடு) வைத்து எங்கள் பக்கம் வெட்டிவிடுங்கள். எங்களுக்கு மேலேயிருந்து மெல்லிய லைட் ஒன்று போதும், நிகழ்ச்சி முழுக்க அணையாமல். நிறம் மாற்றிக்கொண்டே இருந்தால் பாடுகிறவருக்கு ஏட்டில் எழுத்துத் தெரியாது, சிவப்பு லைட்டில் சிவப்புப் பேனாவால் எழுதிய குறிப்பு மறைந்தே போகும்.

கூத்து_வெருலம்:

தெருக்கூத்துக் காட்சி இருக்கிறது என்று சொன்னதால் எழுதுகிறேன். வேஷக்காரர் வருவதற்கு முன்னால் இரண்டு பேர் திரை பிடிப்பார்கள், அதற்குப் பின்னால் அவர் பாடிக்கொண்டு நிற்பார், திரை விலகினால்தான் முகம் தெரியும். திரை விலகுகிற அதே நொடியில் பீமை முழுசாக முகத்தில் அடிப்பது பார்க்க எடுப்பாக இருக்கும் என்று லைட்காரர்கள் நினைப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். திரை நிழலில் நின்ற கண் அது. கிரீடம், தோள்கட்டை எல்லாம் கட்டிக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றி வருகிறவர், பக்கத்தில் திரை பிடித்தவர்களும் தாளக்காரரும் நிற்கிறார்கள். முன் வாஷ் முதலிலிருந்தே கொஞ்சம் எரியட்டும், திரை விலகும்போது மூன்று நான்கு நொடியில் ஏறட்டும். எடுப்பு வேண்டுமென்றால் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கொடுங்கள், கிரீடத்தின் ஓரம் தகதகவென்று தெரியும், கண்ணுக்கும் ஒன்றும் ஆகாது.

அரிதாரத்தில் வேர்வை இறங்கிக் கண்ணில் போகும், ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் கண். அதையும் மனதில் வையுங்கள்.

சாட்ஸ்வர்த்_தொண்டர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, டீச்சரிடம் பேசிவிட்டேன், அண்ணாந்து பார்க்கிற இடங்களைப் பாட்டு வரியில் குறித்துத் தருகிறேன் என்றார்கள். டேப் ஒட்டியாகிவிட்டது. டிரஸ்ஸை 1 மீட்டருக்குத் தள்ளி வைக்க முடியும், மேலே ஏற்ற ஸ்டாண்டில் இடம் இல்லை என்று வாடகைக்காரர் சொல்லிவிட்டார். பின் பைப்பில் இரண்டு பீம்தான் போடலாம் என்றார்.

இப்போது மூன்று கேள்வி. ஒன்று, மெல்லிசைக் குழுவுக்குப் பீம் நன்றாக ஓட வேண்டும் என்று இளைஞர்கள் ஆசைப்படுகிறார்கள், அதை எப்படிப் பாதுகாப்பாகச் செய்வது? இரண்டு, பீம் உண்மையிலேயே கண்ணைக் கெடுக்குமா, கூசுவது மட்டும்தானா? மூன்று, எங்கள் பக்கம் இன்னும் அவ்வப்போது கரண்ட் போகிறது, மண்டபத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது, மாறுகிற நேரத்தில் லைட் என்ன செய்யும்?

டொங்காட்_டிரஸ்:

42 டிகிரிக்குப் போக முடியவில்லை என்றால் 35 போதும், அக்கா சொன்ன மாதிரி இரண்டு ஓரத்திலிருந்து குறுக்காக அடித்தால் நன்றாகவே இருக்கும். மேடையின் பின் பாதியில் நிற்பவர்களுக்கு முன் டிரஸ்ஸிலிருந்து அடிக்காதே, 4 மீட்டர் உள்ளே நிற்பவருக்கு அது 23 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்தப் பகுதியைப் பார் லைட்டை வைத்துப் பக்கத்து மேல் மூலைகளிலிருந்து நிரப்பு.

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் நம் ஊரில் இதை யாரும் யோசிப்பதே இல்லை. டி.எம்.எக்ஸ். சிக்னல் நின்றால் லைட் என்ன செய்ய வேண்டும் என்பது லைட்டின் மெனுவுக்குள் இருக்கும்: கடைசி நிலையில் நிற்பது, அணைவது, இல்லையென்றால் தானாக ஆட ஆரம்பிப்பது. விலை குறைந்த லைட்டுகளில் அந்த மூன்றாவது வந்துவிட்டால், யூ.எஸ்.பி. கம்பி கொஞ்சம் கழன்றாலும் எட்டு லைட்டும் தன் இஷ்டத்துக்குப் பாட்டுச் சத்தத்துக்கு ஏற்ப மேடையைத் துடைக்க ஆரம்பித்துவிடும், அந்த நேரத்தில் ஆறு வயதுக் குழந்தை அரைமண்டியில் (முழங்காலை மடக்கிய நிலையில்) இருப்பாள். பீம் எல்லாவற்றையும் அணைவது என்று வை. முகத்துக்கு எரியும் வாஷை மட்டும் கடைசி நிலையில் நிற்பது என்று வை, மேடை முழுக்க இருட்டாகக் கூடாது. ஒவ்வொரு லைட்டாகப் போய்ப் பார், வாடகை லைட்டில் முன்னால் எடுத்தவர் என்ன வைத்தார் என்பது யாருக்கும் தெரியாது. வைத்துவிட்டு ஒத்திகையில் கம்பியைப் பிடுங்கிப் பார்.

கரண்ட் போய் வந்தால் மூவிங் ஹெட் எல்லாம் ரீசெட் ஆகும், பானும் டில்ட்டும் கோடி வரைக்கும் போய்த் திரும்பும். 7ஆர் விளக்கு சூடாக இருக்கும்போது மறுபடி பற்றாது, ஆற விட்டுச் சில நிமிஷம் கழித்துத்தான் எரியும். எல்.இ.டி. வாஷ் உடனே வந்துவிடும். அதனால் முகத்துக்குப் பீமை நம்பக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். லேப்டாப் பேட்டரியில் ஓடும், பயமில்லை. முகத்துக்கு எரியும் வாஷில் இரண்டையாவது யு.பி.எஸ். ஒன்றில் போட முடிந்தால் ஜெனரேட்டர் எடுக்கும் வரைக்கும் பிள்ளைகள் இருட்டில் நிற்க மாட்டார்கள். யு.பி.எஸ். எவ்வளவு வாட் தாங்கும் என்று பார்த்துப் போடு. கரண்ட் போனால் அசையாமல் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கச் சொல்.

கண்ணைக் கெடுக்குமா என்று கேட்டாய். விளக்குகளின் கண் பாதுகாப்புக்கு ஐ.இ.சி. 62471 என்று ஒரு தரநிலை இருக்கிறது, அதில் 0 முதல் 3 வரை ஆபத்துப் பிரிவு. பிரிவு 2 என்றால், கூசியதும் நாம் கண்ணை மூடிக்கொள்கிறோமே, அந்தக் கால் நொடி நம்மைக் காப்பாற்றிவிடும் என்று பொருள். பிரிவு 3 என்றால் அதையும் நம்ப முடியாது. பெரிய பீம்களில் இது மேனுவலிலும் ஒட்டியிருக்கும் லேபிளிலும் இருக்கும், எத்தனை மீட்டருக்குள் கண்ணில் படக் கூடாது என்ற தூரமும் சேர்த்து. அதோடு இன்னொரு தூரமும் போட்டிருப்பார்கள், எரியக்கூடிய பொருளுக்கு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று. பீமைத் திரைத் துணியிலோ பட்டிலோ மயிலிறகிலோ ஒரே இடத்தில் நிறுத்தினால் புகைய ஆரம்பிக்கும். கூத்தில் திரை பிடிக்கிற நேரத்துக்குப் பீமை அணைத்தே வை. உன் மேடை 5 மீட்டர்தான் ஆழம் என்பதால் இரண்டு தூரமும் உனக்கு முக்கியம். மேனுவல் இல்லை என்றால் வாடகைக்காரரிடம் மாடல் பெயர் கேட்டு வாங்கி அதைப் படித்துவிட்டுத்தான் எதையும் வைக்க வேண்டும்.

மெல்லிசைக்குப் பீம். பின் பைப்பில் இருக்கும் இரண்டும் தலைக்கு மேலே, கூரைக்கும் சபையின் தலைக்கும் நடுவில் விளையாடட்டும். சபையில் உட்கார்ந்திருக்கிறவர்களின் கண்ணும் கண்தான், பால்கனி இருந்தால் அதையும் பார். நான் சொன்ன மாதிரி இ.எஃப்.எக்ஸ். உயரத்தைக் குறைத்து மேலே தூக்கிவிடு. காற்றில் லேசாக ஹேஸ் (மேடைக்கு விடும் மெல்லிய புகை) இருந்தால் பீம் யார் மேலும் படாமலேயே தெரியும், பாடுகிறவர் முகத்தில் அடித்தால்தான் எடுப்பு என்பது இல்லை. மீதி இரண்டு பீமை மேடையின் பின் மூலைகளில் தரையில் வைக்கலாம், நேராக மேலே, கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாய்த்து. தரையில் நிமிர்ந்து நிற்கும் லைட்டுக்கும் தொங்கும் லைட்டுக்கும் திசை தலைகீழாக இருக்கும், ஒரே அசைவைக் கொடுத்தால் ஒன்று மேலே போகும்போது இன்னொன்று கீழே வரும். மெனுவில் டில்ட்டைத் தலைகீழாக்கி இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டு அப்புறம் புரோகிராம் செய். அதைச் சுற்றி ஒரு தடுப்பு வை, டிரம்ஸ்காரர் குனிந்து எதையாவது எடுக்கும்போது நேராக அதற்குள் பார்த்துவிடக் கூடாது.

ஸ்ட்ரோப் வேண்டும் என்று கேட்பார்கள். நொடிக்கு 4 தடவைக்கு மேல் வேண்டாம், அதுவும் சில நொடிதான், நுழைவாயிலில் முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடு. வலிப்பு வருகிறவர்களுக்கு அது விளையாட்டு இல்லை.

பின் வரிசைக்கு முகம் தெரியவில்லை என்று கமிட்டி சொன்னதற்கு ஒரு வழி: முன்னால் ஏற்றாமல் பின்னால் குறை. பின் திரையில் அடிக்கும் பார் லைட்டை இப்போது இருப்பதில் பாதியாக்கிவிட்டுப் பின் வரிசையில் போய் உட்கார்ந்து பார். முகம் தானாக எழுந்து வரும்.

சாட்ஸ்வர்த்_தொண்டர்:

பின் திரையைக் குறைத்துப் பார்த்தேன், கமிட்டிப் பெரியவர் ஒருவரைப் பின் வரிசையில் உட்கார வைத்துத்தான். முகம் இப்போதுதான் தெரிகிறது என்றார், முன் லைட்டை நான் தொடவே இல்லை. மெனுவும் பார்த்தேன், இரண்டு பீம் தானாக ஆடுவது என்றுதான் இருந்தது, மாற்றிவிட்டேன். நாளைக்கு முழு அலங்காரத்தோடு பிள்ளைகள் வருகிறார்கள், ஒவ்வோர் இடமாக நிறுத்தி வைக்கப் போகிறேன், மிருதங்கம் வாசிக்கிறவரும் வருகிறார்.

அண்ணா, ஹேஸ் என்றீர்களே, மண்டபத்தில் புகை எச்சரிக்கை மணி இருக்கிறது. போடலாமா?

டொங்காட்_டிரஸ்:

மண்டபப் பொறுப்பாளரைக் கேட்காமல் போடாதே. மணியை நீயாக அணைக்கவும் அணைக்காதே, சபை நிறைய ஆள் இருக்கும்போது அது தேவை. அவர் சம்மதித்தால் நாளைக்கே ஆள் இல்லாத நேரத்தில் தண்ணீர் கலவை ஹேஸை லேசாக ஓட்டி, மணி அடிக்கிறதா என்று அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார். பாடுகிறவர்களில் யாருக்காவது இழுப்பு (ஆஸ்துமா) இருக்கிறதா என்றும் கேள். இரண்டில் எது சரிவராவிட்டாலும் ஹேஸ் வேண்டாம், பீமைப் பின் சுவரின் மேல் பாதியிலும் கூரையிலும் கோபோ போட்டு மெதுவாகச் சுற்றவிடு, அதுவே அழகாக இருக்கும்.